பகல் தூக்கத்துக்குக் காவல்

ஊரெல்லாம் வேலைக்கு ஓடுகிற நேரத்தில் அந்த ஆலயத்துக்கு ஆட்கள் தூங்க வருவார்கள்.

காலை ஒன்பது மணிக்குப் பக்கவாட்டுக் கதவு திறக்கும். கீலுக்கு எண்ணெய் விட்டு, நிலையில் கம்பளித் துண்டு ஒட்டி, சபையார் அந்தக் கதவை ஊமையாக்கி வைத்திருந்தார்கள். கோபுர மணியின் நாக்குக்கு வாரநாட்களில் துணிச் சுற்று உண்டு. ஓயாமல் பேசிக்கொண்டிருந்த சுவர்க் கடிகாரத்தைப் போதகரின் அறைக்கு நாடு கடத்திவிட்டார்கள். வருகிறவர்கள் ஆஸ்பத்திரியில் இரவெல்லாம் தரை துடைத்தவர்கள், கிடங்குகளுக்குக் காவல் இருந்தவர்கள், விடியுமுன் மார்க்கெட்டில் மூட்டை இறக்கியவர்கள், ரொட்டி சுட்டவர்கள். வீடு இல்லாதவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். வீடு உண்டு, அங்கே பகலில் கண்ணை மூடத்தான் வழியில்லை. ஓர் அறையில் ஆறு பேர் இருப்பார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ ஆணி அடிப்பார்கள், இந்தப் பக்கம் யாரோ பிள்ளையை அடிப்பார்கள்.

இந்த ஊழியம் ஆரம்பித்ததே ஒரு குறட்டையில்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை, பிரசங்கத்தைப் பேசிப் பார்க்க வந்த போதகர், கடைசி பெஞ்சில் ஒரு வாட்ச்மேன் அடித்துப் போட்டாற்போலத் தூங்குவதைப் பார்த்தார். முழுப் பிரசங்கத்தையும் கிசுகிசுப்பாகவே பேசிப் பார்த்துவிட்டுப் போனார். மறுவாரம் மூன்று பேர் வந்தார்கள். கமிட்டியில் ஒரு மூப்பர் துள்ளிக் குதித்தார். "கர்த்தருடைய வீட்டுல குறட்டையா?"

"ஐயா, ஞாயித்துக்கிழமை என் பிரசங்கத்துல நீங்க விடறதுக்கு என்ன பேரு?" என்றார் போதகர். அதோடு தீர்மானம் நிறைவேறியது.

பிறகு சபையாருக்கு வேகம் வந்துவிட்டது. இரண்டிரண்டு பெஞ்சுகளை எதிரெதிராக நெருக்கிப் போட்டால் இரண்டு பக்கமும் மறைவான ஒரு கட்டில் ஆகிவிடும் என்று கண்டுபிடித்தார்கள். தலை சுவர்ப் பக்கம், கால் நடைபாதைப் பக்கம். கால்மாட்டில் ஒரு சிறிய சிலேட்டுப் பலகை தொங்கும். படுக்கிறவர், தான் எழ வேண்டிய நேரத்தை அதில் சாக்பீஸால் எழுத வேண்டும். செல்போனை அணைத்து வாசலில் உள்ள கூடையில் போட்டுவிட வேண்டும், ஏனென்றால் ஒருவருடைய அலாரம் இருபது பேரை எழுப்பிவிடும். எழுப்புவது காவல் இருப்பவரின் பொறுப்பு.

காவல் இருப்பவர்களில் டெய்லரம்மாவை மிஞ்ச ஆளில்லை. ஐம்பத்தெட்டு வயது. அந்த இருபத்திரண்டு கட்டிலுக்கும் மெத்தை தைத்தது அவள்தான். எழுப்பும் முறையைச் சபைக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவள்தான். தோளைத் தொடக் கூடாது, பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. கால் கட்டைவிரலைப் பிடித்து லேசாக ஓர் இழுப்பு. ஆள் எழுந்து உட்காரும்வரை நகரக் கூடாது. அவளுடைய வீட்டுக்காரர் ரயில் எஞ்சின் டிரைவராக இருந்தவர். முக்கால்வாசி நாள் ராத்திரி வண்டி. முப்பது வருஷம் அவருடைய பகல் தூக்கத்துக்கு அவள் காவல் இருந்தாள். அழைப்பு மணிக்குத் துணி சுற்றினாள், தையல் மிஷினைப் பின்கட்டுக்குத் தள்ளினாள், பிள்ளைகளைச் சைகையிலேயே வளர்த்தாள். தெருவில் பழம் விற்கிறவன்கூட அவள் வீட்டைத் தாண்டும்வரை வாயை மூடிக்கொண்டு போவான்.

எட்டு மாதத்துக்கு முன்னால் அவர் போய்ச் சேர்ந்தார். அன்றோடு அவளுடைய தூக்கமும் போய்விட்டது. படுப்பாள், கண்ணை மூடுவாள், காது மட்டும் விழித்துக்கொண்டிருக்கும். குழாய் சொட்டுவது, அலமாரி முனகுவது, எங்கோ ஒரு வண்டி திரும்புவது எல்லாம் கேட்கும். கேட்க வேண்டியது மட்டும் கேட்காது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆலயத்தில் தூங்குகிறவர்களுக்கு நடுவே உட்காரும்போது மட்டும், அடுத்தவர் சாப்பிடுவதைப் பார்த்துத் தன் பசியும் கொஞ்சம் அடங்கினாற்போல இருக்கும்.

அந்த வியாழக்கிழமை ஆஸ்பத்திரிப் பெண் வந்தபோது பத்தாகிவிட்டது. முப்பது வயதிருக்கும். எத்தனை தடவை கழுவினாலும் அவள் கையிலிருந்து தரை துடைக்கிற மருந்து வாடை போகாது. வழக்கமாகப் பலகையில் மூன்று என்று எழுதுவாள். அன்று ஒன்று என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டாள்.

"டெய்லரம்மா, இன்னைக்கு ஒரு மணிக்கு எழுப்பிடணும். மறந்துடாதீங்க."

"என்னைக்கும்மா மறந்திருக்கேன்?"

"இல்லம்மா, ரெண்டு மணிக்குக் குழந்தைங்க ஆபீஸ்ல கூப்பிட்டிருக்காங்க. பாப்பாவ எங்கூட அனுப்பறதா இல்லையான்னு இன்னைக்குத்தான் முடிவு."

அந்தக் கதை டெய்லரம்மாவுக்குத் தெரியும். புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் போனபின், ஏழு வயது மகளை வீட்டுக்குள் தூங்க வைத்துக் கதவைப் பூட்டிவிட்டு இவள் இரவு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். யாரோ புகார் கொடுத்துவிட்டார்கள். பிள்ளை குழந்தைகள் காப்பகத்துக்குப் போய் மூன்று மாதமாகிறது.

"ராத்திரிக்குக் கூட யாரு இருப்பாங்கன்னு ஆள் காட்டச் சொல்றாங்க. அண்ணி வரேன்னு சொல்லியிருந்தாங்க. நேத்து அண்ணன் போன் பண்ணி வேணாம்னுட்டான். பகல் வேலைக்கு மாத்தச் சொல்லிக் கேட்டேன், ஆறு மாசம் ஆகுமாம். அதையாவது சொல்லிப் பாக்கறேன். வேற என்ன பண்ண?"

டெய்லரம்மா வாயைத் திறந்தாள். அவள் வீட்டில் ஓர் அறை சும்மாதான் கிடக்கிறது. ராத்திரியில் அவள் கூரையைப் பார்த்துக்கொண்டுதான் கிடக்கிறாள். சொல்ல வேண்டியது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் பிள்ளை வளர்ப்பது மெத்தை தைத்துக் கொடுப்பது போலவா? ஒன்பதிலிருந்து நாலு மணி வரை இரக்கப்படலாம், யாரும் செய்வார்கள். அந்த இரக்கத்தைக் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப் போய்ச் சோறு போட்டுப் படுக்க வைப்பது வேறு சங்கதி.

"ஜெபம் பண்றேம்மா," என்றாள்.

சபையாருக்குத் தப்பித்துக்கொள்ள இதைவிட வசதியான கதவு கிடையாது. ஆஸ்பத்திரிப் பெண் "சரிங்கம்மா" என்று தலையாட்டிவிட்டுக் கட்டிலுக்குள் ஏறிப் படுத்தாள். இரண்டு நிமிஷத்தில் அவளுடைய பாதங்கள் தளர்ந்து வெளிப்பக்கமாகச் சாய்ந்தன.

அன்று டெய்லரம்மா தனிக் காவல். கூட இருக்க வேண்டிய பாடகர் குழுக்காரிக்கு இருமல். இருமல் உள்ளவர்களுக்குக் காவல் கிடையாது என்பது சபையின் சட்டம். "நான் ஒருத்தி போதும்" என்று இவள்தான் போனில் பெருமையாகச் சொல்லியிருந்தாள்.

காவல்காரர்களுக்கென்று தடிமனான கம்பளிக் காலுறை உண்டு. அதைப் போட்டுக்கொண்டு அவள் நடைபாதையில் போய்வந்தாள். ஜன்னல் கண்ணாடிகள் ஒவ்வொன்றும் ஒரு நிறம். வெயில் நகர நகர அந்த நிறங்கள் தூங்குகிறவர்களின் கால்களின் மேல் நகரும். ரொட்டிக்காரரின் பாதம் நீலமாகும், பிறகு சாதாரணப் பாதமாகும், அப்புறம் பக்கத்துக் கட்டிலின் வாட்ச்மேனுக்கு நீலம் வரும். மஞ்சள் வெளிச்சம் நடைபாதையின் நடுவுக்கு வந்தால் பன்னிரண்டு. சிவப்பு வெளிச்சம் பிரசங்க மேடையின் முதல் படியைத் தொட்டால் ஒன்று. கைக்குட்டையில் சுற்றி வைத்திருக்கும் கைக்கடிகாரத்தை அவள் ஒப்புக்குத்தான் பிரித்துப் பார்ப்பாள்.

பன்னிரண்டு தாண்டியபோது ஐந்தாவது கட்டிலில் குறட்டை கிளம்பியது. அன்று முதன்முதலாக வந்திருந்த மார்க்கெட் மூட்டைக்காரர். இரண்டு குட்டையான இழுப்பு, ஒரு நீளமான இழுப்பு, பிறகு ஒன்றுமே இல்லாத ஓர் இடைவெளி, மறுபடியும் இரண்டு குட்டை.

டெய்லரம்மா நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். அது அவளுடைய வீட்டுக்காரரின் குறட்டை. அச்சு அசல். மேட்டில் ஏறுகிற வண்டி மூச்சு வாங்குவது போல என்று அவள் அவரைக் கேலி செய்வாள். "நீ எண்ணிக்கிட்டே இரு, வண்டி மேடு ஏறிடும்" என்பார் அவர். முன்னே பின்னே தெரியாத மனிதரின் கால்மாட்டில் போய் நிற்கிறோமே என்ற வெட்கம்கூட அவளுக்கு வரவில்லை. பக்கத்தில் கிடந்த சின்ன நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு எழுந்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தாள்.

இரண்டு குட்டை, ஒரு நீளம். கட்டில்கள் மெதுவாக அசைந்தன. ஆலயம் முழுக்க ஒரு வண்டியாகி, இருபத்திரண்டு கட்டிலும் பெட்டிகளாகி, ஒரு சத்தமுமில்லாமல் புறப்பட்டது. ஜன்னலுக்கு வெளியே நீல வயல் போயிற்று, மஞ்சள் வயல் போயிற்று. எல்லோரும் காலை நீட்டித் தூங்கிக்கொண்டே பயணம் செய்தார்கள். அவர் சீருடையோடு நடைபாதையில் வந்தார். பழக்கம் மாறாமல் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார்.

"நீங்க இங்க வந்துட்டா வண்டிய யாரு ஓட்டறது?" என்று அவள் பதறினாள்.

"அது பாட்டுக்குப் போகும். நீ கொஞ்சம் சாஞ்சுக்கோ," என்றார்.

சாய்ந்துகொண்டாள். எட்டு மாதத்துத் தூக்கமும் ஒட்டுமொத்தமாக வந்து அவள் மேல் விழுந்தது.

குறட்டை நின்றபோது அவளுக்கு விழிப்பு வந்தது. புருஷனின் குறட்டைக்குப் பழகியவர்கள் சத்தத்தில் விழிக்க மாட்டார்கள், சத்தம் நின்றால் விழிப்பார்கள். மூட்டைக்காரர் எழுந்து உட்கார்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார். சிவப்பு வெளிச்சம் மேடைப்படி எல்லாவற்றையும் ஏறி முடித்து, வேதப் புத்தகத்தின் மேல் படுத்திருந்தது. கைக்குட்டையைப் பிரித்தாள். இரண்டேகால்.

அவள் திரும்பிப் பார்த்தாள். ஆஸ்பத்திரிப் பெண்ணின் கட்டில் காலி. போர்வை மடித்து வைத்திருந்தது. பலகையில் ஒன்று என்ற எண்ணும், அதன் அடியில் இரண்டு கோடும் அப்படியே இருந்தன.

"நான் தூங்கிட்டேங்க," என்றாள் மூட்டைக்காரரிடம். குரல் அவளுடையது போலவே இல்லை. "அந்தப் பொண்ணு எப்பப் போச்சு? நேரத்துக்குப் போச்சா?"

"எனக்கென்னம்மா தெரியும், நானே இப்பத்தான்..."

"மத்தவங்கள நீங்க எழுப்பிடுங்க. பலகையில நேரம் இருக்கு. கட்டைவிரலப் பிடிச்சு லேசா இழுங்க. மூட்டைய இழுக்கற மாதிரி இழுத்துடாதீங்க!"

வாசலில் செருப்பைத் தேட அவளுக்குப் பொறுமை இல்லை. காலுறையோடு தெருவில் இறங்கி ஓடினாள். கனவு இன்னும் முழுசாகக் கலையவில்லை. கடைகளும் வண்டிகளும் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு பின்னால் போயின. கம்பளிக் காலில் அவள் ஓடுகிற சத்தம் அவளுக்கே கேட்கவில்லை. ஓடுகிறோமா, ஓடுவதாகத் தூங்குகிறோமா என்று ஒரு திருப்பத்தில் சந்தேகமே வந்துவிட்டது. மூச்சிரைப்பு மட்டும்தான் நிஜம். முப்பது வருஷத்தில் ஒரே ஒரு நாள்கூட எஞ்சின் டிரைவரைத் தாமதமாக எழுப்பாதவள், இந்த ஒரு நாளைத்தானா கோட்டை விட வேண்டும்?

குழந்தைகள் ஆபீஸ் இரண்டாவது மாடியில். நீளமான அறை, பச்சைச் சுவர், மூலையில் ஒற்றைக் கை உடைந்த பொம்மை. மேஜைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஓர் அதிகாரி அம்மா. எதிர் நாற்காலியின் நுனியில் ஆஸ்பத்திரிப் பெண் உட்கார்ந்திருந்தாள். தலைமுடி கலைந்து, கன்னத்தில் மெத்தைத் தையலின் தடம் பதிந்திருந்தது.

"ரெண்டு மணிக்கு வரச் சொன்னா ரெண்டேகாலுக்கு வந்து நிக்கறீங்க," அதிகாரி சொல்லிக்கொண்டிருந்தார். "ஒரு மீட்டிங்குக்கே நேரத்துக்கு வர முடியல. ராத்திரிக்கு ஆளும் இல்லைங்கறீங்க. நான் எதை வெச்சு எழுதறது?"

"அது அவ தப்பில்லைங்க," என்றாள் டெய்லரம்மா வாசலிலிருந்து.

இருவரும் திரும்பினார்கள். அதிகாரியின் பார்வை முதலில் அவளுடைய காலுறைக்குத்தான் போயிற்று. வழியெல்லாம் பெருக்கிக்கொண்டு வந்ததில் அது கரியாகியிருந்தது.

"யாருங்க நீங்க?"

"நான் சர்ச்சுல... தூங்கறவங்கள எழுப்பறவ. இவ ஒரு மணிக்கு எழுப்பச் சொல்லிப் பலகையில எழுதி, கோடு போட்டு வெச்சா. போனைக்கூட நாங்கதான் வாங்கி வெச்சுக்கறோம். இவ எங்கள நம்பித் தூங்கினா. நான் தூங்கிட்டேன். எழுதறதுன்னா எம்பேர்ல எழுதுங்க."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "சரிம்மா, அத ஒத்துக்கறேன். நேரம் ஒரு பக்கம் இருக்கட்டும். ராத்திரி விஷயம்? இந்தப் பிள்ளை யாரோட தூங்கும்?"

ஆஸ்பத்திரிப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெபம் பண்ணுகிறேன் என்று சொன்னவள் ஒரு வார்த்தைகூட ஜெபம் பண்ணவில்லை. அது டெய்லரம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கத்தில் காது சுட்டது.

"எங்கூடத் தூங்கட்டும்," என்றாள். "காலையிலயே சொல்லியிருக்கணும். பயந்துட்டு வாய மூடிக்கிட்டேன். எங்க வீட்டுல ஒரு ரூம் சும்மா இருக்கு. பிள்ளைங்க ரெண்டும் கல்யாணமாகிப் போயிடுச்சு. எனக்கு ராத்திரியில தூக்கமே வராதுங்க, எட்டு மாசமா. வீட்டுக்காரர் போனதிலிருந்து. நான் பாட்டுக்கு முழிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "தூக்கமே வராதுங்கறீங்க. தூங்கிப்போனதாலதான் இவங்க லேட்டுன்னும் சொல்றீங்க."

"அது பகல்லங்க."

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிப் பெண்ணிடம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. உங்கள எழுப்பாம விட்டவங்க. இவங்க கையிலயா பிள்ளைய விடப்போறீங்க?"

அவள் நிமிர்ந்து டெய்லரம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்தது; இருக்கத்தான் செய்யும். டெய்லரம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"மூஞ்சியில வெளிச்சம் பட்டுத் தானா முழிப்பு வந்துச்சு மேடம். வெளிய வந்து பாத்தா இவங்க நாற்காலியில தலை தொங்கித் தூங்கறாங்க. வயிறு எரிஞ்சுது. நல்லா நாலு கேள்வி கேக்கலாம்னு கிட்டத்துல போனேன். வாய் கொஞ்சம் தொறந்திருந்துச்சு, குழந்தை மாதிரி. ரெண்டு வருஷமா இவங்கதான் என்னை எழுப்பறாங்க, இவங்க கண்ணு மூடி நான் பாத்ததே இல்ல. எனக்கு அவ்வளவு அவசரம், அப்பவும் எழுப்ப மனசு வரல. கால் சத்தம் கேக்காம வெளிய வந்துதான் ஓட ஆரம்பிச்சேன். இவங்களப் பாத்துப் பழகின எனக்கே அப்படின்னா, எம்பொண்ண இவங்க எப்படி வெச்சுப்பாங்கன்னு தெரியும் மேடம். விடறேன்."

மறுநாள் ஆபீஸிலிருந்து ஆள் வந்து வீட்டைப் பார்த்தார்கள். ஜன்னல் கம்பியை ஆட்டிப் பார்த்தார்கள், கத்தரிக்கோல்களை உயரத்தில் வைக்கச் சொன்னார்கள், போதகரிடம் இரண்டு கேள்வி கேட்டார்கள். முதலில் ஒரு மாதம், பிறகு பார்க்கலாம் என்று எழுதினார்கள். அடுத்த திங்கட்கிழமை சாயங்காலம் பிள்ளை ஒரு பையும் ஒரு தலையணையுமாக வந்து சேர்ந்தது. அதன் அம்மா நாலு தடவை முத்தம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

பிள்ளை கட்டிலில் ஏறி உட்கார்ந்து, "நீங்க தூங்கவே மாட்டீங்களாமே?" என்றது.

"மாட்டேன். நீ தூங்கு."

"எனக்குப் புது வீட்டுல தூக்கம் வராது."

"வராட்டிப் போகுது. சும்மா படுத்துக்கோ."

பிள்ளை படுத்துக்கொண்டது. டெய்லரம்மா பக்கத்தில் சாய்ந்து, அதன் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. அதில் மேடும் இல்லை, வண்டியும் இல்லை. சமதரையில் ஒரு குழந்தை நடந்து போவது போல அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. எவ்வளவு தூரம் போகிறது பார்க்கலாம் என்று அவளும் கூடவே நடந்தாள்.

பிறகு வெகு தூரத்தில் ஒரு கதவு திறந்தது. பேச்சுக் குரல் கேட்டது. கண்ணுக்குள் வெளிச்சம் தெரிந்தது. விடிந்து நேரமாகியிருக்க வேண்டும்.

"உஷ். மெதுவா பேசும்மா," என்றது பிள்ளையின் குரல். "அவங்க தூங்கறாங்க."

"நீ தூங்கினியா?"

"நானும் தூங்கினேன். ஆனா அவங்கதான் மொதல்ல. நான் சத்தமே போடலையே."

"நல்ல பொண்ணு. எழுப்பாத, தூங்கட்டும்."

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்கிற சத்தம் கேட்டது. இரண்டு ஜோடிக் கால்கள் நுனிவிரலில் அறையைத் தாண்டிப் போயின. அடுப்பங்கரைக் கதவை யாரோ மிக மெதுவாகச் சாத்தினார்கள்.

டெய்லரம்மாவுக்கு நன்றாகவே விழிப்பு வந்துவிட்டது. எழுந்து போய்த் தேநீர் போட வேண்டும், ராத்திரி முழுக்க நின்று வந்தவளைப் படுக்க வைக்க வேண்டும். ஆனால் அவள் எழுந்திருக்கவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் அவளுடைய தூக்கத்துக்காக ஒரு வீடு குரலைத் தாழ்த்துவது இதுதான் முதல் தடவை. கண்ணோரம் வழிந்ததைத் துடைத்தால் அசைவு தெரிந்துவிடுமோ என்று, தூங்குகிறவளைப் போலவே படுத்துக் கிடந்தாள்.